பின் ஷாக்கும் பின்சீட்டும்

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த மோட்டார் சைக்கிள் பட்டறையிலிருந்து போன் வந்தது. நாகர்கோவிலில் இருக்கிற பட்டறை. இப்போதைய சர்வீஸ் மேனேஜர் என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். புதிதாக வந்திருக்கும் ஒரு வண்டியைப் பார்க்க வரும்படி அழைத்தார். "சார், இதுல பின் ஷாக்க நம்ம தொடவே வேண்டாம். அதுவா செட் ஆயிக்கிடும்" என்றார். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு, அவன் முப்பத்து நான்கு வருடம் செய்த வேலை இனித் தேவையில்லை என்று காட்டுவதும் ஒருவகை மரியாதைதான் போலிருக்கிறது. போனேன்.

வண்டியின் முகப்பில் சிறிய திரை. அதில் படங்கள். ஒரு ஹெல்மெட் இருந்தால் ஓட்டுகிறவர் மட்டும். இரண்டு ஹெல்மெட் இருந்தால் பின்னால் ஆள் உண்டு. விரலால் தொட்டதும் உள்ளே ஒரு மோட்டார் முனகியது. பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் தானாக இறுகிக்கொண்டது. நான் அந்த இரண்டாவது ஹெல்மெட்டையே பார்த்தபடி நின்றேன். நான் மலைத்துப்போய் நிற்பதாக மேனேஜர் நினைத்துக்கொண்டார். "இதப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க சார். பழைய முறை, புது முறைன்னு. நம்ம ஆளுகளுக்குப் படிக்கக் குடுக்கலாம்."

மலைப்பு இல்லை, குழப்பம். அதற்கும் இப்போது பத்துப் பன்னிரண்டு வயதாகிறது. பழைய முறையையும் புது முறையையும் அவர்களே பிரித்துக்கொள்ளட்டும். எனக்குக் குழப்பத்தை எழுதத்தான் தெரிகிறது.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவன். படித்து முடித்ததும் கம்பெனி தொழிற்சாலையில் ஆறு வாரப் பயிற்சி. எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், எந்தக் காகிதத்தை எந்தக் கோப்பில் வைக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே அக்கறையோடு சொல்லித் தந்தார்கள். ஊருக்குத் திரும்பி மெக்கானிக்காகச் சேர்ந்தேன், பிறகு சர்வீஸுக்கு வரும் வண்டிகளை வாங்கி, புகாரைக் குறித்து ஜாப் கார்டு எழுதும் ஆளானேன், கடைசியில் பட்டறை சூப்பர்வைசர். இடைப்பட்ட காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என் கை கறுத்தது, கையெழுத்து அழகானது.

சொல்ல வேண்டியவர் வொர்க்ஸ் மேனேஜர் ஞானதாஸ் சார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எண்ணெய்க்கு நடுவே நாள் முழுக்க நடப்பார். சாயங்காலமும் அது வெள்ளையாகவே இருக்கும். சத்தம் போட மாட்டார். அவர் குரல் தாழ்ந்தால் நாங்கள் பயந்துகொள்வோம்.

நான் கார்டு எழுத ஆரம்பித்த முதல் வாரம், ஒன்றில் 'பின் சஸ்பென்ஷன் கோளாறு' என்று எழுதியிருந்தேன். கூப்பிட்டார்.

"இத யாரு சொன்னா தாணு?"

"வண்டிக்காரருதான் சார்."

"அவரு சஸ்பென்ஷன்னா சொன்னாரு?"

"இல்ல சார். குழியில விழுந்தா பின்னால கோழி கொத்துனமாதிரி கேக்குன்னு சொன்னாரு."

"அப்பம் கோழியத்தான் எழுதணும். சஸ்பென்ஷன் நீ படிச்சது. அவருக்குக் கேட்டது கோழி."

பிரித்துப் பார்த்ததில் ஷாக்கில் ஒன்றுமில்லை. சீட்டுக்கு அடியில் டூல் பையிலிருந்து நழுவிய ஒரு ஸ்பானர்தான் கொத்திக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து வாடிக்கையாளர் வாயில் வந்ததை வந்தபடியே எழுதினேன். அது அவருடைய முதல் விதி.

இரண்டாவது விதி: ஒரு வண்டிக்கு ஒரு வாய். எங்கள் ஊரில் யாரும் தனியாகப் பட்டறைக்கு வருவதில்லை. வண்டிக்காரரோடு மச்சினன் வருவான். விடுமுறையில் வந்திருக்கும் கல்ஃப்காரர் வந்து, அங்கெல்லாம் இப்படியில்லை என்பார். ஒருமுறை ஒரு மச்சினன் சொன்னதைக் கேட்டுச் செயின் செட் முழுவதையும் மாற்றிவிட்டோம். வண்டிக்காரர் வந்து, "வண்டி எனக்கா, அவனுக்கா?" என்று கேட்டார். அதன்பிறகு ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயரோ அவர் சொல்வதுதான் புகார். மற்றவர்கள் நாற்காலியில் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம். கார்டில் வர முடியாது. நல்ல விதி. இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அது நல்ல விதியாகத்தான் தோன்றுகிறது. சிக்கலும் அதுதான்.

மூன்றாவது, விதியில்லை, அவருடைய பழக்கம். ஷாக் வேலை முடிந்த எந்த வண்டியும் அவர் கை படாமல் வெளியே போகாது. வண்டியின் பின்பக்கம் நின்று, உள்ளங்கையைச் சீட்டின் நுனியில் வைத்து, உடம்பின் பாரத்தை இறக்கி ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுப்பார். வண்டி எழும்பி, ஒரேயடியாக அடங்க வேண்டும். எழும்பி, தாழ்ந்து, மறுபடி எழும்பினால் ஷாக்கில் எண்ணெய் இல்லை என்று அர்த்தம். இப்படி மூன்று தடவை. "மொத தடவ வண்டி பொய் சொல்லும். ரெண்டாவது எனக்க கை பொய் சொல்லும். மூணாவதுதான் கணக்கு" என்பார்.

ஒரு மே மாதக் கடைசியில் எட்வின் வந்தார். கீரிப்பாறை மலையில் ரப்பர் எஸ்டேட் ஒன்றில் சூப்பர்வைசர். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் ஒரு ஜோடி புதுப் பின் ஷாக். வண்டியோடு வந்ததைவிட மேலான ரகம், கேஸ் நிரப்பியது, ஸ்பிரிங்கைப் பல படிகளில் இறுக்கித் தளர்த்தலாம். கொச்சியில் இருக்கும் தங்கை மாப்பிள்ளையிடம் சொல்லி வரவழைத்திருந்தார். குழந்தையைத் தூக்குகிறமாதிரி அந்தப் பெட்டியைப் பிடித்திருந்தார்.

"சார், எனக்க வீட்டுக்காரிக்கு முதுகுல ஆப்பரேஷன். டிஸ்க். மூணு மாசம் லீவுல இருந்தா. பூதப்பாண்டி பக்கம் ஸ்கூல்ல டீச்சர். வாற புதன்கெழம இல்ல, அடுத்த புதன் ஸ்கூல் தொறக்கு. நான்தான் வண்டியில கொண்டுவிடணும். பழைய ஷாக்கு எண்ண ஒழுவி, ஒவ்வொரு குழியிலயும் அவளுக்க முதுகு ஒடியுது. இதுல சரியாவல்லன்னா வேலைய எழுதிக் குடுத்துருவா."

"பஸ்ஸு?"

"எஸ்டேட் பஸ்ஸு மணி ஒத்துவராது சார். ஆட்டோன்னா, மூணு வீல்ல ஏதாவது ஒண்ணு எப்பவும் குழியிலதான் கெடக்கும்."

அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். அந்த டீச்சர் வெளியே, வண்டி கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தார். லில்லி என்று பெயர். சேலைக்கு மேலேயே தெரியும்படி இடுப்பில் அகலமான பெல்ட். நாற்காலி கொடுத்தனுப்பினேன். "இருந்தா எழும்பதுதான் பாடு. நிக்கேன்" என்று சொல்லிவிட்டாராம்.

வெளியே வாங்கிய பாகத்தை நாங்கள் மாட்டுவதில்லை. வாடிக்கையாளர் தன் பொறுப்பில் மாட்டச் சொல்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் மாட்டலாம். அதற்கு ஒரு படிவம் உண்டு. எட்வின் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

பிறகு வேலை. பலர் நினைப்பதுபோல் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் முடிந்துவிடாது. வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரம் தொங்கும்போது, அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒட்டிய டேப் துண்டுவரை அளக்க வேண்டும். பிறகு வண்டியைத் தரையில் நிறுத்தி அளக்க வேண்டும். ஆள் ஏறிய பிறகு இன்னொரு தடவை. ஆள் ஏறினால் எவ்வளவு தாழ்கிறது என்பதுதான் விஷயம். மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு என்று புத்தகம் சொல்லும். அதிகம் தாழ்ந்தால் கொக்கி ஸ்பானரால் ஸ்பிரிங் வளையத்தை ஒரு படி இறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே படி. போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதுதான் முழுக்க இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு நிற்கும். இதையெல்லாம் நான் தூக்கத்திலும் செய்வேன்.

பின்சீட்டுக்கு ஆள் வேண்டுமே. ஆப்பரேஷன் ஆன உடம்பைத் தேவையில்லாமல் ஏற்றி இறக்கக் கூடாது என்று நினைத்தேன். டீச்சருக்கு எவ்வளவு எடை என்று எட்வினிடம் கேட்டேன். ஐம்பத்தெட்டு என்றார். எங்கள் மெக்கானிக் ராஜப்பனும் ஏறக்குறைய அதே எடை. ஆள் மெலிவு, மீசை மட்டும் கனம். எட்வினை முன்னால் உட்காரவைத்து, ராஜப்பனைப் பின்னால் ஏறச் சொன்னேன். அவர் இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்தார். அது தப்பு. சேலை கட்டியவர் ஒருபக்கமாக அல்லவா உட்காருவார்? பாரம் ஒரு ஷாக்கில் கூடும். எனக்கு எதிலும் சரியாக இருக்க வேண்டும்.

"ராஜப்பா, கால ஒதுக்கி ஒருசைடா இரு."

பட்டறை முழுக்க வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"ஏலே ராஜப்பா, முந்தானைய எடுத்துச் சொருகுலே, செயின்ல மாட்டிரும்."

"எட்வின் சாரு தோள்ல கைய வையிடே. வெக்கத்தப் பாரு!"

"போங்கலே அங்க" என்றார் ராஜப்பன். ஆனால் கையை வைத்தார். நான் ஸ்கேலோடு குனிந்து அளந்துகொண்டிருந்தேன். மர நிழலில் டீச்சரும் சிரித்தார். சிரித்தால் வலிக்கும்போல, பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருபதடி தூரம். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. பார்த்துவிட்டு மறுபடி ராஜப்பனை அளந்தேன்.

அளவு மூன்றில் ஒரு பங்குக்குச் சொல்லிவைத்ததுபோல் வந்தது. ஞானதாஸ் சார் மூன்று தடவை அமுக்கினார். "அழகு" என்றார். அவர் வாயில் அந்தச் சொல் வருவது அபூர்வம். எட்வின் பார்வதிபுரம்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ரோடே தெரியல்ல சார்!" என்றார். அந்தச் சொல்லையும் கார்டில் எழுதினேன். எழுதும்போது அது பாராட்டு என்று நினைத்தேன்.

பள்ளி திறப்பதற்குள் பழக வேண்டுமென்று இருவரும் தினமும் ஒருமுறை பள்ளி வாசல்வரை போய்த் திரும்பினார்கள். நான்கைந்து நாளில் எட்வின் வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. டீச்சர் அதே மரத்தடியில்.

"சார், முன்னக்காட்டிலும் மோசம்னு சொல்லுதா."

"உங்களுக்கு எப்படி இருக்கு?"

"எனக்கு வழுக்கிட்டுப் போவுது. அவளுக்குத்தான் வலிக்கு."

'அவளுக்குத்தான் வலிக்கு' என்று எழுதினேன். மறுபடி எல்லாவற்றையும் அளந்தேன். ஒரு மில்லிமீட்டர் மாறவில்லை. ஸ்பிரிங் அமுங்கிவிட்டுத் துள்ளி மேலே வரும் வேகம் கூடுதலோ என்று அதற்கான திருகைச் சற்று இறுக்கினேன். ஸ்பிரிங் வளையத்தை ஒரு படி தளர்த்தினேன். இன்னும் மெத்தென்று ஆனது. சார் மூன்று தடவை அமுக்கினார். மூன்றாவது தடவைக்குப் பிறகு கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "சரியாத்தான இருக்கு" என்றார், வண்டியைப் பார்த்து.

இரண்டே நாள். சனிக்கிழமை காலை மறுபடி வந்தார்கள். இன்னும் மோசம். டீச்சர் இப்போது மரத்தில் ஒரு கையை ஊன்றி நின்றார். நான் பின்சக்கர பேரிங் பார்த்தேன், ஸ்விங் ஆர்ம் புஷ் பார்த்தேன், டயர் காற்றுப் பார்த்தேன், சீட்டைக் கழற்றிப் பஞ்சை அமுக்கிப் பார்த்தேன். எங்கும் ஒன்றுமில்லை. ஒரு கோளாறு கிடைத்தால் போதும் என்றிருந்தது. எல்லாம் சரியாக இருக்கும் வண்டியைப்போல் பட்டறைக்காரனை வதைப்பது வேறில்லை.

"நான் வாங்குனது டூப்ளிகேட்டா சார்?"

"இல்ல. நல்ல சாதனம்."

"அப்பம் அவளுக்க முதுகுதான் சரியில்லையா? டாக்டரு முதுகு கொழப்பமில்லன்னு சொல்லுதாரு. நீங்க வண்டி கொழப்பமில்லன்னு சொல்லுதிய." குரலைத் தாழ்த்தினார். "ராஜினாமா லெட்டர எழுதி பைபிளுக்குள்ள வச்சிருக்கா சார். நான் பாத்தேன். செவ்வாக்கெழமைக்குள்ள சரியாவல்லன்னா குடுத்துருவா. பதினாலு வருச சர்வீஸ்."

எனக்குத் தெரிந்த ஒரே வழிதான் மிச்சம். புகார் பட்டறையில் தெரியாவிட்டால், எழும் இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எனக்கு விடுமுறை. அவர்கள் ஆராதனை முடிந்து வந்ததும் நான் என் ஸ்கூட்டரில் கீரிப்பாறை போய்விட்டேன். வழக்கம்போல் அவர்கள் பள்ளிவரை போகட்டும், நான் பின்னாலேயே வந்து ஷாக் எப்படி அசைகிறது என்று பார்க்கிறேன் என்று ஏற்பாடு. இடது ஷாக்கில் ஒரு வெள்ளை டேப் சுற்றினேன், தூரத்திலிருந்து தெரிவதற்காக. திட்டம் எனக்கே பிடித்திருந்தது.

முதல் வளைவுவரை வெள்ளை டேப் தெரிந்தது. இரண்டாவது வளைவில் வண்டியே தெரியவில்லை.

நான் முறுக்கினேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே தூரத்தில் ஒரு சேலை நிறம் தெரிந்து மறைந்தது. ஒரு ஸ்பீடு பிரேக்கர் வந்தது. நான் பிரேக் பிடித்து ஏறி இறங்கினேன். எனக்கு முன்னால், தூரத்தில் எட்வின் அதைத் தாண்டியபோது பிரேக் விளக்கு எரியவேயில்லை. கீழே ரோடு பெயர்ந்த ஒரு இடத்தில் என் ஸ்கூட்டர் என்னைக் கைவிடப் பார்த்தது. எட்வின் அதன்மேல் பாலத்தில் போவதுபோல் போனார். எனக்குக் கோபம் வந்தது. பின்னால் வருகிற ஆளை மறந்துவிட்டாரே என்ற கோபம். பின்னால் வருகிற ஆள் நான் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பள்ளி வாசலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். எட்வின் ஹெல்மெட்டைக் கழற்றியபடி, "என்ன சார், வண்டி மக்கர் பண்ணிட்டா?" என்று என்னைக் கேட்டார்.

"எவ்வளவு வேகத்துல வந்திய?"

"வழக்கம்போலத்தான். முப்பது இருக்கும்."

நான் ஐம்பதைத் தாண்டித்தான் அவரைத் தவறவிட்டிருந்தேன். அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

டீச்சர் கண்ணைத் திறந்தார். "சார், பழைய ஷாக்க திருப்பி மாட்டித் தாங்கோ."

"அது எண்ண ஒழுகிப்போனது டீச்சர்."

"ஒழுவட்டும்" என்று எட்வினைக் காட்டினார். "அதுல இவிய பைய போவாவ. குழி வந்தா இவியளுக்கே இடிக்கும், பிரேக் பிடிப்பாவ. இப்பம் இவியளுக்கு ஒண்ணும் தெரியல்ல. எல்லாம் எனக்குத்தான் தெரியுது."

"ஏட்டி, நான் பையத்தான வந்தேன்!"

"இதத்தான் தினமும் சொல்லுதாவ சார்."

எனக்குக் காது சுட்டது. ஓட்டுகிறவர் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உட்காருகிறார்; பின்னால் இருப்பவர் பின்சக்கரத்தின் தலையில் உட்காருகிறார். பின்சக்கரம் ஏறினால் முன்னவருக்குப் பாதி, பின்னவருக்கு முழுசு. முதல் வருடப் பாடம். மெத்தென்ற ஷாக் முன்னவரின் பாதியையும் துடைத்துவிட்டது. தெரியாத குழிக்கு யார் பிரேக் பிடிப்பார்கள்? 'ரோடே தெரியல்ல' என்று முதல் நாளே அவர் சொன்னதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இரண்டாம் தடவை நான் அதை இன்னும் மெத்தென்று ஆக்கி, இன்னும் வேகமாக்கி அனுப்பினேன்.

"இத நீங்க பட்டறையில சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"மூணு தடவ வந்தேன் சார்" என்றார். "நாற்காலி வேணுமான்னு கேட்டிய. வேற ஒண்ணும் கேக்கல்லியே."

திங்கட்கிழமை காலை இருவரும் வண்டியோடு வந்ததும் கார்டு போட்டேன். புகார் என்ற இடத்தில், 'மனைவி சொன்னது' என்று ஆரம்பித்து, டீச்சரின் சொற்களை அப்படியே எழுதினேன். இரண்டாவது விதியை நான் மீறியது அதுதான் முதல் தடவை. சார் இரண்டு முறை படித்தார். அவர் குரல் தாழும் என்று காத்திருந்தேன். அவர் மூலையில் கிடந்த அந்தப் பழைய ஷாக்கை எடுத்து, தண்டில் வழிந்திருந்த எண்ணெயை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இத மாட்டி இந்த வண்டிய வெளிய விட மாட்டேன். வளைவுல வால ஆட்டும்."

"அவங்களுக்கு இதுதான் நல்லாருக்காம் சார்."

"அதும் செரிதான்" என்றார். இரண்டும் சரியாக இருக்கும்போது என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. சார் அந்த வெள்ளைச் சட்டையோடு தானே ஒரு மரச்சட்டத்தைத் தூக்கிவந்து, பட்டறை முற்றத்தில் குறுக்கே போட்டார். மரத்தடிக்குப் போனார்.

"டீச்சர், இதுல ஒரு தடவ ஏறி இறங்கினா தாங்குவியளா? இல்லன்னா வேண்டாம்."

"பைய போனா தாங்குவேன்."

"பையத்தான் போவாரு. நான் கூடவே நடக்கேன். நீங்க சொல்லது வர இறுக்கிட்டே போவோம். நீங்கதான் நிறுத்தணும்."

புது ஷாக்தான். முதலில் இருந்த படியில் வைத்து, எட்வின் சட்டத்தின்மேல் ஏற்றி இறக்கினார். "இல்ல" என்றார் டீச்சர். ஒரு படி இறுக்கினேன். "இல்ல." இன்னொன்று. அளவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து விலகிக்கொண்டே போனது. நான் ஸ்கேலைப் பையில் வைத்துவிட்டேன். கடைசிக்கு முந்தின படியில் சட்டம் ஏறியதும் எட்வின், "யம்மா!" என்றார். "சார், எனக்கு அடிவயித்த இடிக்கு!"

"இது போதும் சார்" என்றார் டீச்சர்.

பட்டறை சிரித்தது. ராஜப்பன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சார் மூன்று தடவை அமுக்கினார். வண்டி கட்டைபோல் நின்றது. புத்தகப்படி பார்த்தால் திருப்பி அனுப்ப வேண்டிய வண்டி. கையெழுத்துப் போட்டார்.

"இது சரியா சார்?" என்று கேட்டேன்.

"தெரியல்ல தாணு. ஒப்புப் போட்டாச்சு."

புதன்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. பத்து மணிக்கு எட்வின் போன் செய்தார். "கிளாஸ்ல நிக்கா சார். நான் எட்டிப் பாத்துட்டு வந்தேன். எனக்குத்தான் இடுப்பு போச்சு." அந்த வருடம் முழுக்க டீச்சர் விடுப்பு எடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இங்கே கட்டுரையை முடித்தால் நன்றாக இருக்கும். பட்டறை ஆட்களுக்கும் ஒரு நீதி கிடைக்கும். ஆனால் எனக்கு விளங்கவில்லை. கடினமான ஷாக்கில் ஒவ்வொரு குழியும் டீச்சரையும் கூடுதலாகத்தானே இடித்திருக்கும்? அந்த முதுகைக் காப்பாற்றியது ஷாக்கா, வேகம் குறைந்ததா, கேட்டைப் பிடித்து நின்று அவர் சொன்னது எட்வின் காதில் விழுந்ததா? எட்வின் காதில் அது விழுந்திருந்தால் ஷாக்கை இறுக்கியிருக்கவே வேண்டாம். விழவில்லையென்றால் இறுக்கியும் பயனில்லை. பல இரவுகள் காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்கிறேன். மில்லிமீட்டர் ஒத்துவருகிறது, மற்றது வரவில்லை.

மூன்று வருடம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஒரு ஸ்கூட்டர் சர்வீஸுக்கு வந்தது. ஓட்டி வந்தவர் லில்லி டீச்சர். இடுப்பில் பெல்ட் இல்லை. பின்சீட்டிலிருந்து எட்வின் மெதுவாக, இரண்டு தவணையில் இறங்கினார்.

"நல்லா இருக்கியளா டீச்சர்? அந்த ஷாக் எப்படி இருக்கு?"

"அதா? ஒரு மாசத்துல இவிய அதுக்கும் பழகிட்டாவ சார். பழையபடி பறக்க ஆரம்பிச்சாவ. அதான், டாக்டர்ட்ட கேட்டுட்டு நானே ஓட்டப் படிச்சேன். இப்பம் இவிய எஸ்டேட்டு ஆபீஸுக்கும் நான்தான் கொண்டுவிடுதேன்."

"அந்த லெட்டரு?"

"பைபிள்லயே இருக்கு. படிச்ச எடத்துக்கு அடையாளம் வச்சிருக்கேன்."

ஆர்.சி. புத்தகத்தை வாங்கினேன். லில்லி என்ற பெயர்தான். ஆயில் மாற்ற வேண்டும், முன் பிரேக் கிரீச்சிடுகிறது என்று அவர் சொன்னதை எழுதினேன். எட்வின் அதே வேப்பமரத்தடிக்குப் போய் ஒரு கையை ஊன்றி நின்றார். நாற்காலி கொடுத்தனுப்பினேன். வேண்டாம் என்றார். பிறகு அங்கிருந்தே கூப்பிட்டார்.

"சார், பின்னால இருந்தா தூக்கித் தூக்கிப் போடுது சார்! எனக்க முதுகு ஒடியுது. இந்த ஸ்கூட்டருக்க ஷாக்கையும் ஒண்ணு பாருங்கோ!"

பேனாவோடு நின்றேன். அவர் பெயர் ஆர்.சி.யில் இல்லை. சாரின் விதி ஒருபக்கம், பள்ளி வாசலில் நான் கற்றது ஒருபக்கம். இத்தனைக்கும் பிறகு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை.

"எழுதட்டுமா டீச்சர்?"

அவர் ஹெல்மெட்டின் வாரைச் சுருட்டிக்கொண்டே கணவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"எழுதுங்கோ சார். அவிய சொன்னத அப்படியே எழுதுங்கோ" என்றார். "ஆனா ஷாக்க தொடாண்டாம்."

இரண்டையும் எழுதினேன்.